ஒரே நேரத்தில் பார்த்த மாகாணம்: கியூபெக்கின் பிரெஞ்சுத் தொலைக்காட்சி, அன்றும் இன்றும்

கனடாவின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1952 செப்டம்பர் 6 அன்று மான்ட்ரியாலில் ஒளிபரப்பைத் தொடங்கியது. டொரான்டோ இரண்டு நாள் பிந்தியது. நாட்டின் மிகப் பெரிய நகரமாக அன்று மான்ட்ரியால்தான் இருந்தது. ஊரில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசினார்கள், பெரிய நிறுவனங்களின் முதலாளிகள் ஆங்கிலம் பேசினார்கள். அதனால் சிபிஎஃப்டி என்ற அந்த நிலையத்தில் இரண்டு மொழிகளும் மாறி மாறி வந்தன. பிரெஞ்சு நிகழ்ச்சி முடிந்தால் ஆங்கிலம், அது முடிந்தால் மறுபடி பிரெஞ்சு. 1954 ஜனவரியில் ஆங்கிலத்துக்கென்று தனி நிலையம் வந்தது. அதன் பிறகே சிபிஎஃப்டி முழுக்கப் பிரெஞ்சு நிலையமானது.

அப்போது கியூபெக் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். சுற்றிலும் ஆங்கிலம். தெற்கே, எல்லைக்கு அப்பால், உலகிலேயே பெரிய தொலைக்காட்சித் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பாரிஸ் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து நிகழ்ச்சிகளை வாங்கி ஓட்டிக் காலம் தள்ளலாம் என்றால், பிரான்ஸிலேயே தொலைக்காட்சி அப்போது தவழும் பருவத்தில்தான் இருந்தது. ஆகவே சிபிஎஃப்டியை நடத்திய ரேடியோ-கனடா என்ற அரசு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. நாடகமோ செய்தியோ குழந்தைகள் நிகழ்ச்சியோ, எல்லாவற்றையும் மான்ட்ரியாலில் தானே செய்தாக வேண்டும். வாங்க ஆளில்லாத, விற்க ஆளில்லாத இந்தத் தனிமையிலிருந்துதான் ஒரு தொழிலே பிறந்தது. சின்ன மொழிச் சந்தை என்றாலே பலவீனம் என்று பேசுகிறவர்களுக்கு இந்த வரலாற்றை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வானொலியில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர்களும் நாவலாசிரியர்களும் புதுப் பெட்டிக்கு வந்தார்கள். ரோஜே லெமெலின் தன் நாவலில் படைத்த ப்ளூஃப் குடும்பத்தை 1953 நவம்பரில் திரைக்குக் கொண்டுவந்தார். கியூபெக் நகரின் கீழ்ப்பகுதியில் வாழும் உழைப்பாளிக் குடும்பம். அதட்டும் அம்மா, அடங்கிப்போகும் அப்பா, வளர்ந்த பிள்ளைகள். வாரம் ஒருநாள் அரை மணி நேரம், முழுக்க நேரலை. வசனம் மறந்தால் மறந்ததுதான். கதவு திறக்க மறுத்தால் நாடு முழுக்கப் பார்க்கும். அடுத்த ஆண்டிலிருந்து அதே நடிகர்கள் பலர் அதே கதையை ஆங்கிலத்திலும் நடித்தார்கள். ஒரே குடும்பம் இரு மொழியில் இரு தரப்புக்கும் பேசியது 1959 வரை நீடித்தது. இன்று அதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இப்போது கியூபெக் தொடர் ஒன்று ஆங்கிலக் கனடாவுக்குப் பிடித்துவிட்டால் உரிமையை வாங்கி, வேறு நடிகர்களை வைத்து மறுபடி எடுத்துவிடுகிறார்கள். மான்ட்ரியால் ரோந்து போலீஸ்காரர்களைப் பற்றிய '19-2' அப்படித்தான் ஆங்கிலத்துக்குப் போனது. நடிகர்கள் மொழி கடப்பது அநேகமாக நின்றுவிட்டது.

இந்த வாராந்தரக் குடும்பக் கதைகளுக்கு டெலிரோமான் என்று பெயர் ஏற்பட்டது. அடிப்படையில் அவை ஸ்டுடியோ நாடகங்கள்: இரண்டு மூன்று அறைகள் கொண்ட செட், மூன்று கேமரா, நிறையப் பேச்சு. க்ளோத்-ஆன்ரி க்ரின்யோன் எழுதிய கஞ்சன் செராஃபானின் கதை வானொலியில் 1939 முதலே ஓடிக்கொண்டிருந்தது. 1956இல் தொலைக்காட்சிக்கு வந்து 1970 வரை ஓடியது. கியூபெக்கில் இன்றும் கஞ்சப் பிசினாரியை 'செராஃபான்' என்றுதான் கேலி செய்கிறார்கள்.

சனிக்கிழமை இரவு ஹாக்கிக்கு. 1952 அக்டோபரில் தொடங்கிய பிரெஞ்சு ஒளிபரப்பில் வர்ணனை செய்தவர் ரெனே லெக்கவாலியே. பனிச்சறுக்கு ஹாக்கி அதுவரை பிரெஞ்சுப் பையன்கள் ஆங்கிலச் சொற்களால் ஆடிய ஆட்டம். அவர் அமைதியாக, தெளிவான பிரெஞ்சில் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போனார். தெருவில் ஆடும் பிள்ளைகளும் அப்படியே பேசத் தொடங்கினார்கள். பாடப்புத்தகத்தால் ஆகாத வேலை அது.

1956இல் 'புவாந் த மிர்' என்றொரு வாராந்தர நிகழ்ச்சி வந்தது. குள்ளமான உருவம், கரகரத்த குரல், விரலிடுக்கில் சிகரெட், பின்னால் கரும்பலகையும் வரைபடமும். சூயஸ் கால்வாய்ச் சிக்கலையும் அல்ஜீரியப் போரையும் எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி விளக்கினார் ரெனே லெவெக் என்ற செய்தியாளர். திருச்சபையும் முதல்வர் மொரீஸ் துப்ளெசியும் சொன்னதே உலகம் என்றிருந்த மாகாணத்தில், வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்குள் வந்து உலகத்தின் வரைபடத்தை விரித்துக்காட்டினார்.

அந்த லெவெக்கின் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு வேலைநிறுத்தம். 1958 டிசம்பர் 29 அன்று மான்ட்ரியாலில் ரேடியோ-கனடாவின் நிகழ்ச்சி இயக்குநர்கள் எழுபத்துச் சொச்சம் பேர் வெளியேறினார்கள். சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. நீங்கள் நிர்வாகத் தரப்பு, சங்கம் கூடாது என்பது நிறுவனத்தின் பதில். நடிகர்கள், எழுத்தாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் எல்லோரும் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தார்கள். கடுங்குளிரில் அறுபத்தெட்டு நாள். திரையில் பழைய படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டொரான்டோவிலிருந்த ஆங்கிலச் சகாக்களின் ஆதரவு கிடைக்கவில்லை. ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆங்கில ஒளிபரப்பு இப்படி நின்றிருந்தால் ஒரே வாரத்தில் தீர்த்திருப்பார்களே என்ற கசப்பு லெவெக் மனதில் தங்கிவிட்டது. 1959 மார்ச் 7 அன்று சங்க உரிமையுடன் போராட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் தேர்தலில் நின்று அமைச்சரானார். 1976இல், கியூபெக்கின் தனி இறையாண்மையைக் கொள்கையாகக் கொண்ட கட்சியின் தலைவராக, முதல்வரே ஆகிவிட்டார். ரேடியோ-கனடாவின் பழைய தலைமையகம் இருக்கும் பெருஞ்சாலைக்கு இன்று அவர் பெயர்.

அந்தத் தலைமையகத்துக்கும் ஒரு கதை உண்டு, இனிமையானதல்ல. 1963இல் மான்ட்ரியாலின் கிழக்கே ஓர் ஏழைக் குடியிருப்பு முழுவதையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஏறக்குறைய 5,000 பேர் வீடிழந்தார்கள். 1973இல் அங்கே கோபுரம் எழுந்தது, சுற்றிலும் பெரிய கார் நிறுத்துமிடங்களோடு. ப்ளூஃப் குடும்பம் போன்றவர்களின் கதையைச் சொல்லிப் பெயர் வாங்கிய நிறுவனத்துக்கு இடம் விட்டு அப்படிப்பட்ட குடும்பங்களே வெளியேறின. இப்போது ரேடியோ-கனடா அந்தப் பழைய கோபுரத்தை விட்டு, பக்கத்திலேயே சிறிய புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது.

மான்ட்ரியாலின் பிரெஞ்சுத் திரையில் அரசு நிறுவனத்தின் ஏகபோகம் 1961 பிப்ரவரி 19 அன்று முடிந்தது. திரையரங்கு, சினிமா வியாபாரத்தில் பழுத்த ஜோசப்-அலெக்ஸாந்த்ர் தெசேவ், டெலி-மெட்ரோபோல் என்ற தனியார் நிலையத்தை அன்றுதான் தொடங்கினார். மக்கள் அதைப் 'பத்தாம் நம்பர்' என்றே அழைத்தார்கள். ரேடியோ-கனடாவின் திருத்தமான பிரெஞ்சுக்கு நேர் எதிராக, கிழக்கு மான்ட்ரியால் தெருக்களின் பேச்சு அங்கே தடையில்லாமல் புழங்கியது. ஒலிவியே கிமோன் போன்ற மேடை நகைச்சுவைக் கலைஞர்கள் 'க்ரே பாசில்' மூலம் வீட்டுக்கு வீடு போனார்கள். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ அந்தப் பிளவு தொழிலுக்கு நல்லதைத்தான் செய்தது என்று தோன்றுகிறது: ஒரு பக்கம் செம்மை, மறுபக்கம் தெரு, நடுவே போட்டி. இரண்டில் எதைப் பார்த்தாலும் பார்ப்பவர் பிரெஞ்சில்தான் பார்த்தார். டெலி-மெட்ரோபோல்தான் 1971இல் டிவிஏ என்ற வலையமைப்பின் தலைநிலையமானது.

மூன்றாவது தரப்பு மாகாண அரசு. தனக்கென்று ஒலிபரப்பு வேண்டும் என்று துப்ளெசி 1945லேயே சட்டம் இயற்றி வைத்திருந்தார். அது அலமாரியில் தூங்கியது. 1968இல் எழுப்பி, ரேடியோ-கியூபெக் என்று தொடங்கினார்கள். 1996இல் டெலி-கியூபெக் என்று பெயர் மாறியது. கல்வி அமைச்சகம் எடுத்த 'பாஸ்-பார்தூ' 1977இல் அங்கே வந்தது. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. ஒரு தலைமுறையே அதில் வளர்ந்து, 2019இல் புது வடிவம் வந்தபோது தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களை 1980 முதல் கியூபெக் தடை செய்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதற்கு விலையும் உண்டு: விளம்பரம் இல்லாத நேரத்தில் தனியார் நிலையங்களுக்குக் குழந்தைகள்மேல் அக்கறை குறைந்தது. சுமை பெரும்பாலும் அரசு நிலையங்கள் தலையில் விழுந்தது.

இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் பெண் எழுத்தாளர்களின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜானெத் பெர்த்ரான் 1969இல் 'கெல் ஃபாமி' எழுதியபோது கணவரும் பிள்ளைகளும் அவரோடு நடித்தார்கள். 1980களில் ரேடியோ-கியூபெக்கில் அவர் எழுதிய தனிக் கதைகள் குடும்ப வன்முறை, ஓரினச்சேர்க்கை, எய்ட்ஸ் என்று வீடுகளில் வாய்விட்டுப் பேசாததையெல்லாம் கூடத்துக்கு இழுத்துவந்தன. லீஸ் பாயெத் 1970களில் இரவுப் பேட்டி நிகழ்ச்சியால் புகழ்பெற்றவர். 1976இல் லெவெக் அமைச்சரவையில் சேர்ந்தார். அரசியலை விட்டு விலகியபின் தொலைக்காட்சிக்குத் திரும்பி டெலிரோமான் எழுதினார். சிறையில் இருக்கும் பெண்களைப் பற்றிய 'யூனிட்டே 9' தொடரை 2012 முதல் 2019 வரை எழுதியவர் தானியேல் த்ரோத்தியே. தொலைக்காட்சி எழுத்து என்றால் இரண்டாந்தர எழுத்து என்ற எண்ணம் அங்கே வேரூன்றாமல் போனதற்கு இவர்களும் ஒரு காரணம்.

1980களின் நடுவில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியது. 1983இல் மத்திய அரசு ஒரு நிதியை ஏற்படுத்தியது: ஒளிபரப்ப ஒரு நிலையம் ஒப்புக்கொண்டால் தனியார் தயாரிப்பாளருக்குப் பணம் கிடைக்கும். அதுவரை நிலையங்கள் தங்கள் கூரைக்குள்ளேயே நாடகம் எடுத்தன. இனிச் சுதந்திரத் தயாரிப்பு நிறுவனங்கள் முளைத்தன. பின்னர் மாகாணம் வரிச்சலுகையும் சேர்த்துக்கொண்டது. கதைகள் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தன. 1986இல் 'லான்ஸ் எ கோம்ப்த்' என்ற ஹாக்கித் தொடரைச் சினிமா போலவே ஃபிலிமில் எடுத்தார்கள்: குறுகிய காட்சிகள், வேகமான வெட்டு, உடைமாற்றும் அறை, விமானம், படுக்கையறை. சமையலறை மேசையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த பாத்திரங்கள் பழசாகிப்போனார்கள். 1990இல் வந்த 'லே ஃபீய் தெ கலெப்' பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமப் பள்ளி ஆசிரியை ஒருத்தியின் காதலைச் சொன்னது. முப்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

உச்சம் 1995 மார்ச் 20 அன்று. க்ளோத் மூனியே எழுதிய 'லா பெத்தித் வி' நகைச்சுவைத் தொடரின் ஒரு அத்தியாயத்தை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அன்றைய மக்கள்தொகை சுமார் 72 லட்சம். அதில் கைக்குழந்தைகளும் ஆங்கிலம் பேசுபவர்களும் அடக்கம். குப்பைத் தொட்டியில் உயிரை வைத்திருக்கும் தாடிக்கார அப்பா, ஆண் நடிகர் வேடம் கட்டிய அம்மா, சுவரோடு நிமிர்ந்து நிற்கும் கட்டில். இவ்வளவு பெரிய பங்கை ஈர்த்த நிகழ்ச்சி வேறு எந்த நாட்டிலும் அபூர்வம். டொரான்டோ மக்கள் தம் மாலைகளை அமெரிக்கத் தொடர்களோடு கழித்த காலத்தில், மான்ட்ரியாலில் பாதிப் பேர் தம் வீட்டுக் கூத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் அலைகள் ஆங்கிலக் கனடாவுக்குள் அணையில்லாமல் பாய்ந்தன. கியூபெக்கில் மொழியே கரை கட்டி நின்றது.

ஏற்றுமதியும் நடந்தது. கீ லெபாஜ் 1997இல் தொடங்கிய 'ஏன் கா, ஊன் ஃபீய்' ஒரு இளம் ஜோடியின் சின்னச் சின்னச் சண்டைகளைக் காட்டியது. பிரான்ஸ் அதன் வடிவத்தை வாங்கி 1999இல் தன் நடிகர்களை வைத்து எடுத்தது. அதில் நடித்த ஜான் துஜார்தான் பிற்காலத்தில் ஆஸ்கர் வாங்கினார். வேறு பல நாடுகளும் வாங்கின. ஆனால் கியூபெக்கின் குரலை அப்படியே கேட்கப் பிரான்ஸ் தயங்கியது. சரக்கு வேண்டும், உச்சரிப்பு வேண்டாம். அந்தத் தயக்கம் இப்போதுதான் கொஞ்சம் குறைகிறது. 2025இல் வந்த 'ஆம்பத்தி', மனநல மருத்துவமனை ஒன்றில் நடக்கும் கதை, பிரான்ஸின் லீல் நகரில் நடக்கும் தொடர்களுக்கான விழாவில் ரசிகர் விருது பெற்றது. எழுதி நடித்தவர் ஃப்ளோரான்ஸ் லோன்ப்ரே. இவருடைய முந்தைய தொடரான 'மான்தான்-த்யூ' டெலி-கியூபெக்கில் பிறந்து நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளிநாடு போனது. 'ஆம்பத்தி'யோ நேரே க்ரேவ் என்ற சந்தாத் தளத்தில்தான் பிறந்தது.

இந்த மாற்றம் கூர்ந்து பார்க்க வேண்டியது. ரேடியோ-கனடா 2010இல் தூ.டிவி என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் கனடாவுக்குள் நுழைந்தது. டிவிஏவை வைத்திருக்கும் க்யூபெக்கோர் குழுமம் 2013இல் தன் தளத்தைக் கொண்டுவந்தது. மொழி கட்டிய கரை இங்கே உடைந்தது. நெட்ஃபிளிக்ஸ் கொரியத் தொடரைக்கூட நல்ல பிரெஞ்சு டப்பிங்கோடு தருகிறது. இளைஞர்களில் நிறையப் பேர் ஆங்கிலத்திலேயே பார்க்கிறார்கள். தரத்தில் கியூபெக் தொடர்கள் முன்பைவிட மேல் என்பேன். நடிப்பிலும் ஒளிப்பதிவிலும் எழுத்தின் துணிச்சலிலும் 1970களின் ஸ்டுடியோ நாடகம் இன்றைய தொடரின் பக்கத்தில் நிற்காது. குறைந்தது தரமல்ல, கூட்டம்.

ஆனாலும் பழைய பழக்கம் முற்றாகப் போகவில்லை. 'திஸ்ட்ரிக்ட் 31' என்ற போலீஸ் தொடர் 2016 முதல் 2022 வரை வாரம் நான்கு மாலைகள் வந்தது. ஆறு ஆண்டில் 720 அத்தியாயம். எழுத்து, லுக் தியோன் என்ற ஒற்றை மனிதரின் மேசையிலிருந்து. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். டிசம்பர் 31 இரவின் 'பை பை' நையாண்டி நிகழ்ச்சி 1968இல் தொடங்கியது. பிரிவினைவாதத் தீவிரக் குழுவின் ஆள்கடத்தலால் எழுந்த 1970 அக்டோபர் நெருக்கடியில் ராணுவம் மான்ட்ரியால் தெருக்களில் நின்றது. அந்த ஆண்டு முடிவில், பணக்கார ஆங்கிலேயர் வீட்டு வாசலில் காவல் நிற்கும் சிப்பாயாக ஒலிவியே கிமோன் வந்தார். அந்தச் சில நிமிடங்களை இன்றும் பேசுகிறார்கள். இப்போதும் அந்த இரவில் நாற்பது லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வருகிறார்கள்.

யார் முகம் திரையில் தெரிந்தது என்பது வேறு கேள்வி. 1977இன் மொழிச் சட்டம் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. ஹைட்டி, வியட்நாம், லெபனானிலிருந்து வந்த குடும்பங்கள், இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் என்று மான்ட்ரியாலின் பார்க்-எக்ஸ்டென்ஷன், கோத்-தே-நேஜ் பகுதிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் பிரெஞ்சுமாக வளர்ந்தார்கள். தொடர்களில் அவர்கள் நெடுங்காலம் கடைக்காரராகவோ நோயாளியாகவோ ஒரு காட்சியில் வந்து போனார்கள். இப்போது நிலை மாறிவருகிறது, ஆனால் மெதுவாக. தன் மொழியைக் காக்கத் தன் முகத்தைத் திரையில் காட்டப் போராடிய சமூகம், தன் மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவர்களின் முகத்தையும் அதே வேகத்தில் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வேறு திரைகளைத் தேடிப் போனதில் அவர்கள் தவறு ஏதுமில்லை.

2023 நவம்பர் 2 அன்று டிவிஏ 547 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைச் சொந்தமாகத் தயாரிப்பதையே கைவிட்டது. பிராந்திய நிலையங்களும் சுருங்கின. 1961இல் தெரு மக்களின் குரலாகப் பிறந்த நிலையம் அது. விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. கேபிள் சந்தாவை மக்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். தயாரிப்பு நிதியின் ஒரு பகுதி கேபிள் நிறுவனங்களின் வருமானத்திலிருந்தே வந்ததால் அந்த ஊற்றும் வற்றுகிறது.

கனடா நாடாளுமன்றம் 2023 ஏப்ரலில் இணையத் தளங்களையும் ஒளிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஒழுங்குமுறை ஆணையம், பெரிய வெளிநாட்டுத் தளங்கள் தம் கனடிய வருமானத்தில் 5 சதவீதத்தை உள்நாட்டுப் படைப்புக்குத் தர வேண்டும் என்றது. ஆண்டுக்குச் சுமார் 20 கோடி கனடிய டாலர் வரும் என்பது கணக்கு. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. கியூபெக் அரசு 2025 மே மாதத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தது: இணையத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் பிரெஞ்சுப் படைப்புகள் எளிதில் கண்ணில் பட வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த விவகாரத்தில் நான் கியூபெக் பக்கம். முழுத் தெரிவும் பார்வையாளர் கையில் என்கிறார்கள்; ஆனால் பெட்டியைத் திறந்ததும் முதல் வரிசையில் எது நிற்க வேண்டும் என்பதைக் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். 1952இல் மான்ட்ரியால் ஆங்கில நிகழ்ச்சி முடியக் காத்திருந்து, பிறகு தன் நிலையத்தைப் பெற்றது. அதற்கான தொழில் தெரிந்த கைகளையும் வளர்த்தது. கியூபெக்கின் ஜோன்கியேர் கல்லூரியில் 1967 முதல் ஊடகத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள்; மான்ட்ரியாலில் நாடகப் பள்ளியும், 1988இலிருந்து நகைச்சுவைக்கென்றே ஒரு பள்ளியும் இருக்கின்றன. எழுத்தாளர், ஒலிப்பதிவாளர், செட் போடும் தச்சர், ஒப்பனைக்காரர் என்று எழுபது ஆண்டில் சேர்ந்த கைகள் இவை. டிவிஏ ஸ்டுடியோவை விட்டு வெளியேறியவர்களில் சிலர் வேறு தயாரிப்பு நிறுவனங்களுக்குப் போவார்கள்; மான்ட்ரியாலில் படமெடுக்க வரும் ஹாலிவுட் குழுக்களுக்கு ஆங்கிலத்தில் வேலை செய்யச் சிலர் போவார்கள்; மற்றவர்கள் தொழிலையே விடுவார்கள். ஒரு பிரெஞ்சுத் தொடருக்கு நிதி ஒதுக்குவதா என்று ஒட்டாவாவில் முடிவெடுக்கும்போது, கணக்கில் வர வேண்டியது அந்தத் தொடர் மட்டுமல்ல, அடுத்ததை எடுக்க ஊரில் தங்கியிருக்கும் இந்தக் கைகளும்தான்.